வெள்ளைக் கல்லில் ஏறிய கருப்பு

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து மீன்குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாய், நலமாகத்தான் இருக்கிறாய். நானும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த ஞாயிறு முதல் இந்த ஞாயிறு வரை உன்மேல் இருக்கிற எரிச்சலில் ஒருநாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போனில் சொல்லலாம் என்றால், 'சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு' என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் செல்வி தன் மகளுடைய பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அவளே அனுப்புவாள். அவளும் படிப்பாள், அவள் வாய் வழியாக இந்த வரிசையில் இருக்கிற வீடெல்லாம் படிக்கும். படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. இருந்ததையும் இதிலேயே எழுதப் போகிறேன்.

நீ அன்றைக்குச் செய்தது இதுதான். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனாய். குழாயடியில், மீன் வெட்டுகிற கத்திகளுக்குப் பக்கத்தில், நீ வாங்கிக் கொடுத்த செராமிக் தீட்டுக்கல் இருந்தது. எடுத்துப் பார்த்தாய். பீங்கான் தட்டு மாதிரி வெள்ளையாக வந்த கல், அடுப்புக்கரி மாதிரி ஆகிக் கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க இத?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் போனைத் தட்டி இன்னொரு கல்லுக்கு ஓர்டர் போட்டுவிட்டாய். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். காரில் ஏறும்போது சொன்னாயே ஒரு பேச்சு: "ஒரு கல்லையே பாத்துக்க முடியல, இனிமே தனியா எப்படி இருக்கப் போறீங்க? இந்த மாசக் கடைசி சனிக்கிழமை லோரி கொண்டு வர்றேன். தெமியாங்குல எங்க வீட்டுக்கே வந்துருங்க." என்னைக் கேட்கவில்லை. லோரிக்காரனிடம் மட்டும் கேட்டிருக்கிறாய், அவனுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறதா என்று.

உன் மூன்றாவது மாடி வீட்டைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. தேவி நல்ல பெண். அவள் என்னை மாமியாராகவே நடத்துவதில்லை, நான்தான் சில நேரம் மாமியாராக நடந்துகொள்கிறேன். ஆனால் அங்கே வந்து நான் என்ன செய்வேன்? இங்கே விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட் பாசாருக்கு, மீன் சந்தைக்குப் போகிறேன். மீன்கடை பாய்க்கு நான் வெட்டிக் கொடுத்தால்தான் கடை ஓடும். மலாய்க்கார அம்மாவுக்கு எத்தனை துண்டு, சீன அம்மாவுக்குத் தலை வேண்டுமா வேண்டாமா, நம் ஆட்களுக்குக் குழம்புத் துண்டா பொரிக்கிற துண்டா, எல்லாம் எனக்குக் கேட்காமலே தெரியும். ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்து, பாய் வாங்கிக் கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். பழைய லயத்து வரிசை வீடுகளை இடித்தபோது ரப்பர் தோட்டம் கொடுத்த வீடு இது. சின்ன வீடுதான், ஆனால் சாவி என் இடுப்பில் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு கல்லுக்காக லோரியில் ஏற்றிவிட முடியுமா?

கல்லுக்கு வருகிறேன். அது கருத்ததற்கு முதல் காரணம் நீ. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நீ. என்னிடம் பழைய சிவப்புக் கல் ஒன்று இருந்தது, நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலும் அதற்கு ஒரு குறையும் இல்லை. "இதெல்லாம் எந்தக் காலத்துச் சாமான்மா" என்று நீயே குப்பைத் தொட்டியில் போட்டாய். ஆயுதபூசைக்கு ஒரு வாரம் முன்னால் இந்த வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து, "எண்ணெய் வேணாம், தண்ணி வேணாம், அப்படியே தீட்டலாம்" என்றாய். எப்படிக் கழுவுவது என்று சொன்னாயா? பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. கேட்டதற்கு, "கூகுள் பண்ணுங்கம்மா" என்றாய். ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள் கூகுள் பண்ணி, அது இங்கிலீஷில் சொல்வதைப் படித்து, கல் கழுவ வேண்டும்.

இரண்டாவது காரணம் நான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயுதபூசை அன்று நம் வீட்டில் எந்தச் சாமானும் வெறுமனே நின்றதில்லை. மோட்டார், அரிவாள், அம்மி, தேங்காய் துருவி, மீன் கத்தி நான்கு, எல்லாவற்றையும் கழுவி நல்லெண்ணெய் தடவித் துடைத்து, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். புதிதாக வந்த கல்லை மட்டும் எப்படி விடுவது? அதற்கும் நல்லெண்ணெய் தடவினேன். எவ்வளவு தடவினாலும் உள்ளே வாங்காமல் மேலேயே நின்றது. சரி, புதுக் கல், போகப் போகக் குடிக்கும் என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். நெற்றியில் வைக்கிற மாதிரி சந்தனம், நடுவில் குங்குமம். அடுத்த நாள் காலையில் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு அதன்மேலேயே கத்தியைத் தீட்டினேன். கத்தியிலிருந்து தேய்ந்து வந்த இரும்பெல்லாம் அந்த எண்ணெயோடும் சந்தனத்தோடும் குழைந்து மை மாதிரி கல்லில் அப்பிக்கொண்டது. அது தெரியாமல் நாள்தோறும் அதன்மேலேயே தீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கல்லுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு படலம். கத்தி வழுக்கிக்கொண்டு போனதே தவிர கூர் ஏறவில்லை. நான் இன்னும் அழுத்தித் தீட்டினேன், இன்னும் கருத்தது.

பாய்தான் முதலில் சொன்னார். "அக்கா, கத்தி வெட்டல, நசுக்குது. மீன பாருங்க, பிஞ்சு போவுது." எனக்கு வந்ததே கோபம். "மீன் பழசுன்னா கத்திய சொல்லாதீங்க பாய்" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் நிற்கிற கடையில் மீன் பழசு என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? மனுசர் தன் கத்தியை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நீ லோரி பற்றிச் சொல்லிவிட்டுப் போன மறுநாள், திங்கட்கிழமை, அந்தக் கல்லை வெள்ளையாக்கி உன் முகத்துக்கு நேராகக் காட்டுவது என்று முடிவு செய்தேன். செம்பு கறுத்தால் புளி, பாத்திரம் கறுத்தால் சாம்பல், நமக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்த்தேன், கை வெள்ளையானது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், குழாயடி கறுத்தது. கல் அப்படியே இருந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொன்னவன் இந்தக் கல்லைப் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை, பானை தேய்க்கிற இரும்பு நாரை எடுத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். தோள்பட்டை இறங்கிப் போனது. மறுநாள் தேவியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "அத்தை, இரும்பு நார் மட்டும் போட்றாதீங்க. கல்லு இரும்பைவிட கெட்டி, அந்த நாரையும் அரைச்சு தன் மேல ஏத்திக்குமாம். முதல்ல பாத்திர சோப் போட்டு எண்ணெய எடுங்க. அப்புறம் சிங்க் தேய்க்கிற பவுடர தண்ணில குழைச்சு, பிளாஸ்டிக் நார்ல வட்ட வட்டமா தேய்ங்க." இரும்பை எடுக்க இரும்பு போட்டுத் தேய்த்திருக்கிறேன், தம்பி. சிரிக்காதே. நீ வீட்டில் போய்ப் புலம்பியதைக் கேட்டு, அந்தப் பெண் உனக்குத் தெரியாமல் தேடிப் படித்து எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் செய்த அந்த ஐந்து நிமிட வேலையை நீ செய்திருந்தால் எனக்கு ஒரு தோள்பட்டை மிஞ்சியிருக்கும்.

அவள் சொன்னபடி செய்தேன். சோப்புப் போட்டுக் கழுவியதும் எண்ணெய்ப் பிசுக்கு போனது. பவுடர் போட்டு வட்டமாகத் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கரியாக ஓடியது, கழுவிக் கழுவி நான்கு முறை. கடைசியில் ஒரு சாம்பல் நிறம் மட்டும் நின்றது, அது எதற்கும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் பென்சிலை அழிக்க நாங்கள் கடையில் ரப்பர் வாங்கியதில்லை, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உருட்டி வைத்துக்கொள்வோம். பென்சில் கோட்டைத் தூக்குகிற பால் இரும்புக் கோட்டைத் தூக்காதா? தோட்டம் முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டாலும், பின்னால் மலாய்க்காரப் பெரியவர் பாச்சிக்கின் இரண்டு ஏக்கர் ரப்பர் இன்னும் இருக்கிறது. கேட்டேன், சிரித்துக்கொண்டே ஒரு கை நிறையக் கொடுத்தார். கல்லை நன்றாகக் காய வைத்து ஒட்டுப்பாலால் அழுத்தித் தேய்த்தேன். கருப்பு உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் கல் வெள்ளையாகிவிட்டது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

உனக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொல்லிச் செல்வியைக் கூப்பிட்டேன். அவள் கல்லை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கல்லைப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பாதி இன்னும் கருப்பாத்தானே இருக்கு? உங்களுக்குத் தெரியலயா?" என்றாள். நான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு முழுக்கல்லும் ஒரே மாதிரிதான் இருந்தது. செல்வி என் இடது கண்ணைத் தன் கையால் மூடினாள். அரிசி கழுவிய தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கல்லும் தெரியவில்லை, அதைப் பிடித்திருந்த என் விரலும் சரியாகத் தெரியவில்லை.

புதிதாக வந்த விஷயம் போல உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால் உண்மையை எழுதுகிறேன். எனக்கு முன்னாலேயே சந்தேகம் இருந்தது. மோட்டார் மட்கார்டு நெளிந்ததற்கு நாய் குறுக்கே வந்தது என்று உன்னிடம் சொன்னேன், நாய் வரவில்லை. கால்வாய் ஓரம் எனக்குத் தெரியவில்லை. விரலில் கட்டுப் போட்டிருந்தபோது மீன் முள் குத்தியது என்றேன், அது கத்தி. கல் கறுத்ததைப் பார்த்திருந்தால் முதல் நாளே கழுவியிருப்பேன், அது கறுத்ததே எனக்குத் தெரியவில்லை. நீ காரில் ஏறும்போது சொன்ன பேச்சில் பாதி சரி. அந்தப் பாதி சரியாக இருந்ததுதான் எனக்கு அத்தனை எரிச்சலாக இருந்தது. மீதிக் கருப்பை நான் கண்ணால் தேடவில்லை. இரும்பு ஏறிய இடத்தில் விரல் வழுக்கும், சுத்தமான இடத்தில் விரல் பிடிக்கும். தடவித் தடவி முடித்தேன். செல்வி பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளோடு லுக்குட் கிளினிக்குக்குப் போனேன். வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறதாம். முற்றியிருக்கிறது, இடது கண்ணிலும் ஆரம்பம். அறுத்து எடுத்து வில்லை வைத்தால் பழையபடி தெரியும் என்று டாக்டர் பெண் சொல்லி, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். அன்றைக்கே மோட்டார் சாவியைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். பாயிடமும் சொல்லிவிட்டேன். "கண்ணு சரியாவட்டும் அக்கா, உங்க எடத்துல ஆள் போட மாட்டேன்" என்றார். மீன் பழசு என்று சொன்ன வாய்க்கு அந்த வார்த்தை கிடைத்தது.

இப்போது உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்குப் பத்து வயது இருக்கும். அவர் அப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக மனுசர் மெலிந்துகொண்டே வந்தார், சும்மா இருக்கும்போதும் வியர்த்தது, கை நடுங்கியது. கை நடுங்கினால் கத்தி ஆழமாக இறங்கும், மரத்துக்குக் காயம் படும், அந்த இடத்தில் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் இரண்டு முறை ஆள் முன்னால் ஏசினார். குடிக்கிறார் என்று ஊர் பேசியது. நானும் நம்பினேன். அவர் தூங்கும்போது குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறேன், தம்பி. வாசம் இல்லை. அப்படியும் நம்பினேன். வேலை போய்விடும், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்ற பயத்தில், நானே மண்டோர் வீட்டுக்குப் போய், "அவருக்கு வெளிக்காட்டு வேலை குடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். புல் வெட்டுகிற வேலை, மருந்தடிக்கிற வேலை. அவருடைய பால்கத்தியை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். காலையில் தேடினார். "இனிமே அது வேணாம், மண்டோர்கிட்ட பேசிட்டேன்" என்றேன். "நீயே பேசிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஆறு மாதம் கழித்துப் புல் வெட்டுகிற இடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், தைராய்டு என்று. கழுத்தில் இருக்கிற ஒரு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ததாம். நடுக்கம், வியர்வை, மெலிவு எல்லாம் அதனால்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் கை கல் மாதிரி நின்றது. ஆனால் அதற்குள் அவர் பால் வெட்டிய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாகிறவரை புல்தான் வெட்டினார். அந்தக் கத்தியை அவர் திரும்பக் கேட்கவில்லை, நானாக எடுத்துக் கொடுக்கவும் எனக்கு முகமில்லை. நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உன்னையும் அவரையும் காப்பாற்றத்தான் செய்தேன். நீயும் என்னைக் காப்பாற்றத்தான் லோரி பிடித்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன்மேல் கோபப்படக்கூட முழுசாக முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல நான் தகுதியானவள் இல்லை, ஆனாலும் நான் உன் அம்மா, சொல்லாமல் விடமாட்டேன். உனக்கு எது சரியாக வேலை செய்யவில்லையோ அதை உடனே மாற்றிவிடுகிற பழக்கம் இருக்கிறது. மிக்சி, போன், கல். உன்னிடம் சம்பளம் இருக்கிறது, மாற்றுகிறாய். ஆனால் தேவியோடு ஒரு வாழ்க்கை இருக்கிறது, நாளைக்குப் பிள்ளை வரும். எது அப்பியிருக்கிறது, எதனால் அப்பியது என்று உட்கார்ந்து பார்க்காமல் அங்கே ஒன்றும் நடக்காது. அடுப்பு வாங்கும்போது அவளைக் கேட்கவில்லை என்று அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். இப்போது சிரிக்கிறாள்.

ஆகவே சனிக்கிழமை லோரி வேண்டாம். லோரிக்காரனிடம் நீயே சொல்லிவிடு. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். லீவு போட்டுக்கொண்டு காரை எடுத்துவா. என்னைக் கூட்டிக்கொண்டு போ, கண்ணை அறுக்கிற நாளிலும் கூட இரு. அதன் பிறகு டாக்டர் சொல்கிறவரை உன் வீட்டில் இருக்கிறேன், தேவி சமைப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறேன். கட்டுப் பிரித்ததும் என்னை இங்கே கொண்டுவந்து விடு. கண் சரியாகாமல் போனால், தெமியாங்குக்கு வருவதா வேண்டாமா என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். பேசி முடிவு செய்தால் வருவேன், அழுதுகொண்டாவது வருவேன்.

வந்ததும் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்லைப் பார்க்காதே, வீட்டைச் சுற்றிப் பார்க்காதே. என் எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கு எவ்வளவுமா தெரியுது?" என்று கேள். உன் அப்பா உயிரோடு இருந்தவரை நான் அவரிடம் அப்படி ஒன்று கேட்டதில்லை. நீ கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன்.

அம்மா